பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டடத்தை மின்செலவு குறைந்த அலுவலகமாக மாற்றலாமா, இடித்துக் கட்டுவதே மேலா?

இடிக்காதீர்கள். "பழசுல காசைக் கொட்டாதீங்க" என்று யாரோ கான்ட்ராக்டர் உங்கள் காதில் ஓதியிருப்பார். எனக்கு அதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சிகாகோவில் லூயிஸ் சல்லிவன் வடிவமைத்த கார்சன் பிரீ ஸ்காட் கடை 2007-ல் மூடப்பட்டது. இன்று கீழே டார்கெட், மேல் மாடிகளில் அலுவலகங்கள். 1899-ல் தொடங்கிய கட்டடம். அதன் ஜன்னல்களில் நடுவில் அகலக் கண்ணாடி, இருபுறமும் திறக்கிற குறுகிய கதவுகள். ஏசி இல்லாத காலத்துக் கட்டடத்தில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி இருக்கும். 1960-களில் ஜன்னலே இல்லாமல் கட்டிய மால் பெட்டிகள் வேறு கதை, அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நான் ஏசி வடிவமைப்பாளன். அமெரிக்காவின் மத்திய மேற்கில் இப்படி ஒரு கடையை அலுவலகமாக்கும் வேலையில் இருந்தேன். சுவரில் அடித்திருந்த ஜிப்சம் பலகையைப் பிரித்தால் பின்னால் வரிசையாக ஜன்னல்கள்! ஏசி வந்த பிறகு, சாமான் அடுக்கச் சுவர் வேண்டுமென்று மூடிவிட்டிருக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கையும் கழற்றியதும் தளம் 14 அடி உயரம். ஆனால் தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு வரை உள்ள உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்தான் வெளிச்சம் உள்ளே வரும். நடுப்பகுதி இருட்டு. அதனால் எஸ்கலேட்டர் இருந்த திறப்பை அகலப்படுத்தி, மேலே கண்ணாடிக் கூரை போட்டோம். புகை வெளியேற்றும் விசிறிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தீயணைப்புத் துறை விடாது.

பழைய சில்லர், அதாவது ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின், கடையின் விளக்குச் சூட்டுக்கும் கூட்டத்துக்கும் கணக்கிட்டுப் போட்டது. முதலில் எல்இடிக்கு மாறுங்கள், அப்புறம் கணக்குப் போட்டு மெஷின் வாங்குங்கள். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

அடுத்தது சுவர். இதைச் சொன்னால் பசுமை விரோதி என்பார்கள், பரவாயில்லை. குளிர்நாட்டில் பழைய செங்கல் சுவருக்கு உள்பக்கம் கண்ணை மூடிக்கொண்டு இன்சுலேஷன் அடிக்காதீர்கள். உள்ளிருந்து வந்த சூடுதான் அதுவரை செங்கல்லை உலர்த்தியது. அது நின்றால் ஊறிய மழைநீர் உறைந்து முகப்பு செதில் செதிலாக உதிரும். எங்கள் கட்டடத்தில் கூரையோரச் செங்கல் விரல் பட்டாலே தூளாகக் கொட்டியது. செங்கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடமாக அங்கீகாரம் இருந்தால், தகுதியான புதுப்பிப்புச் செலவில் 20% மத்திய வரிச்சலுகை உண்டு. ஆனால் ஜன்னலை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

வேலை முடிந்து ஒரு விருது வந்தது. படத்தில் ஆர்க்கிடெக்ட், உரிமையாளர், ரிசப்ஷன் மார்பிள்கூட இருந்தது. மின்கட்டணத்தைக் குறைத்த ஏசிக்காரர்கள் ஒருவரும் இல்லை. குளிருகிறது என்று திட்ட மட்டும் சரியாக எங்கள் நம்பரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்!