ஆடும் பல், அவிழும் முடிச்சு: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பிள்ளைகள் முதன்முதலாகச் செய்யும் சின்னச் சின்ன காரியங்களைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது. கீழ் வரிசை முன்பல் இன்னும் விழவில்லை. அதற்குள் அதன் பின்னால், நாக்குப் பக்கம், புதுப் பல் எட்டிப் பார்க்கிறது. நூல் கட்டி இழுத்துவிடலாம் என்கிறார் மாமியார். செய்யலாமா?

பதில்: நூல் வேண்டாம். கீழ் முன்பற்கள் நாக்குப் பக்கமாக முளைப்பது அடிக்கடி நடப்பதுதான். பால்பல் விழுந்து இடம் கிடைத்ததும், நாக்கு தள்ளத் தள்ளப் புதுப் பல் மெல்ல முன்னால் நகர்ந்து வரிசையில் சேர்ந்துவிடும்.

விரலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு பால்பல்லைத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் கவலை இல்லை, அவளே நாக்கால் ஆட்டிக்கொண்டிருக்கட்டும். கொஞ்சமும் ஆடவில்லை என்றாலோ, புதுப் பல் தெரிந்து இரண்டு மாதமாகியும் பழையது அசையாமல் நின்றாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விழுந்த பால்பல்லைப் பார்த்திருப்பீர்கள், அதில் வேரே இருக்காது. அடியிலிருந்து வரும் நிரந்தரப் பல் மேலேறும்போது பால்பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வேர் கரைந்து முடிந்தால் பல் தானாகக் கையோடு வந்துவிடும். கரையும் முன்பே நூலால் சுண்டி இழுத்தால் வேர்த்துண்டு உள்ளே முறியலாம், ஈறு கிழியலாம். ஆறு வயதில் வாயைத் திறக்கவே பயம் வந்துவிட்டால், அந்தப் பயம் பல் மருத்துவரின் நாற்காலி வரைக்கும் கூடவே வரும்.

விழுந்த பிறகு சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து, 10 நிமிடம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாது. அன்றைக்கு வேகமாக வாய் கொப்பளிக்கவும் வேண்டாம்.

புதுப் பல் ரம்பம் போன்ற நுனியோடும், பக்கத்துப் பால்பல்லைவிட மஞ்சளாகவும் இருக்கும். அது அழுக்கு இல்லை. நிரந்தரப் பல்லின் மேற்பூச்சு வழியாக உள்ளிருக்கும் மஞ்சள் பகுதி கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அழுத்தித் தேய்த்து வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள். ரம்ப நுனி கடித்துக் கடித்துத் தானாகவே மழுங்கிவிடும்.

எல்லோரும் முன்பல்லையே பார்த்துக்கொண்டிருக்கும் இதே ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதுவும் பால்பல்தான் என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். மேலே ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சீக்கிரம் சொத்தையாகும். முழு உயரத்துக்கு வளரும்வரை பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: பையனுக்கு ஏழு வயது. ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்து அலுத்துவிட்டேன். ஒருவழியாகக் கட்டினாலும் பத்து நிமிடத்தில் அவிழ்ந்துவிடுகிறது. அவனுக்குக் கையில் பலமில்லையா?

பதில்: பலத்தில் குறை இருக்காது. அவிழ்வது ஒரு சிக்கல், கற்றுக்கொள்ள முடியாமல் போவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கட்டி முடித்த லேஸின் இரண்டு வளையங்களும் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்று பாருங்கள். ஷூவுக்குக் குறுக்காக, இடமும் வலமுமாகக் கிடந்தால் முடிச்சு சரி. ஒன்று விரலை நோக்கியும் மற்றது கணுக்காலை நோக்கியும் நீளவாட்டில் திரும்பியிருந்தால், முதல் முடிச்சும் மேல் முடிச்சும் ஒரே திசையில் சுற்றப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட முடிச்சை எவ்வளவு இறுக்கினாலும் நடக்க நடக்கத் தளர்ந்துவிடும். இதற்கு முழுவதையும் மாற்ற வேண்டாம். முதலில் வலது கயிற்றை இடதின் மேல் போட்டிருந்தால், இனி இடதை வலதின் மேல் போடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பழையபடியே இருக்கட்டும். பெரியவர்களில்கூட ஆயுள் முழுக்க இந்தத் தவறான முடிச்சைப் போட்டுவிட்டு லேஸைக் குறை சொல்பவர்கள் உண்டு. உங்கள் ஷூவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லேஸ் வழவழப்பான உருண்டை நைலானாக இருந்தால் தட்டையான பருத்தி லேஸுக்கு மாற்றுங்கள், உராய்வு கூடும்.

கற்றுக்கொடுக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் நீங்களே கட்டி, இரண்டு வளையத்தையும் பிடித்து இழுத்து இறுக்குவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்ததும், வளையத்தை இடுக்கு வழியாக உள்ளே தள்ளுவதையும் அவன் செய்யட்டும். அடுத்து சுற்றுவது, அதற்கும் முன்னால் முதல் வளையம் பிடிப்பது, கடைசியாகத்தான் முதல் முடிச்சு. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் 'கட்டி முடித்தேன்' என்ற நிறைவோடு அவன் எழுந்திருப்பான். முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் சிக்கிக்கொண்டு அழுகையில் முடியும்.

ஷூவைக் காலில் மாட்டாமல் மேஜைமேல் வையுங்கள், நுனி அவனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். காலில் போட்டால் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு நிற லேஸ் கோத்தால், 'சிவப்பு மேலே, நீலம் கீழே' என்று சொல்லிக்கொடுக்கலாம். அவன் வலக்கைப் பழக்கமும் நீங்களும் அப்படியே என்றால் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை என்றால் எதிரே உட்காருங்கள், கண்ணாடியில் பார்ப்பது போலப் பொருந்தும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மட்டும் இந்தப் பாடம் வேண்டாம்.

கேள்வி: மகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்து வருகிறோம். போன மாதத்தைவிட இந்த மாதம் அரை சென்டிமீட்டர் குறைந்திருக்கிறாள்! இது எப்படி?

பதில்: அவள் குறையவில்லை, அளந்த நேரம் மாறியிருக்கும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் பகலெல்லாம் நின்று நடப்பதில் அமுங்கி, இரவில் படுத்ததும் மறுபடி விரிகின்றன. அதனால் காலையில் இருக்கும் உயரம் மாலையில் சுமார் 1 செ.மீ. வரை குறைந்து தெரியும். எப்போதும் ஒரே நேரத்தில் அளந்தால் இந்தக் குழப்பம் வராது.

வெறுங்காலோடு, விரிப்பு இல்லாத தரையில், குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை சுவரில் பட நிற்கட்டும். ஜடையையோ கொண்டையையோ அவிழ்த்துவிடுங்கள். பார்வை நேராக இருக்க வேண்டும், மோவாயைத் தூக்கினால் அளவு மாறும். தலையில் பென்சிலைப் படுக்க வைத்துக் கோடு போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பென்சில் சாய்ந்தால் 1 செ.மீ. காணாமல் போய்விடும். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒரு ஓரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துத் தலை வரை இறக்கி, அதன் அடியில் குறியுங்கள். மூன்று முறை அளந்து நடு அளவை எடுத்துக்கொள்ளலாம்.

மாதந்தோறும் அளப்பதில் பயனில்லை. 3 வயதுக்குப் பிறகு பருவ வயது வரும்வரை பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வார்கள். மாதத்துக்கு அரை செ.மீ. என்பது அளக்கும் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆறு மாதத்துக்கொரு முறை போதும். முழு வருடத்தில் 4 செ.மீ.கூட ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். சின்னக் குழந்தையைப் படுக்க வைத்து அளந்த கணக்கையும் பிறகு நிற்க வைத்து அளந்ததையும் நேரடியாக ஒப்பிட வேண்டாம், படுத்த அளவு சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும்.

சுவரில் குறிப்பதற்குப் பதிலாக நீண்ட மரப்பலகை ஒன்றைத் தரையோடு சேர்த்து நிறுத்தி அதில் குறித்தால், வெள்ளையடித்தாலும் வீடு மாறினாலும் கோடுகள் உங்களோடு வரும்.

கேள்வி: பதினான்கு மாதம் ஆகிறது, பேரன் இன்னும் தனியாக நடக்கவில்லை. நடை வண்டி வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் நடப்பானா?

பதில்: குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் சக்கர நடை வண்டியைச் சொல்கிறீர்கள் என்றால், வேண்டவே வேண்டாம். அதில் குழந்தை விரல் நுனியால் உந்துகிறதே தவிர, உடலைச் சமன்செய்து நிற்கப் பழகுவதில்லை. படிக்கட்டில் உருள்வதும், எட்டாத இடத்துச் சூடான பாத்திரத்தை இழுத்துக்கொள்வதும் இதில்தான் நடக்கிறது. கனடா 2004இல் இதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது.

9 மாதத்தில் நடக்கும் பிள்ளையும் உண்டு, 17 மாதத்தில் நடக்கும் பிள்ளையும் உண்டு. எழுந்து நின்று, சோபாவைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்கிறானா? அப்படியென்றால் சரியாகத்தான் போகிறான். வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது, தரையைப் பாதம் உணர வேண்டும். 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். எந்த வயதிலும், செய்துகொண்டிருந்ததைச் செய்ய முடியாமல் போனால் அன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: பக்கச் சக்கரம் வைத்த சைக்கிளை இரண்டு வருடம் ஓட்டினாள். அதைக் கழற்றியதும் ஒரு அடிகூட ஓட்ட முடியவில்லை. இரண்டு வருடப் பழக்கம் எங்கே போயிற்று?

பதில்: அவள் பழகியது பெடல் மிதிக்க. பேலன்ஸ் பழகவே இல்லை. இரண்டு சக்கர சைக்கிள் சாயும்போது, சாயும் பக்கமே ஹேண்டிலைத் திருப்பினால்தான் நிமிரும். பக்கச் சக்கரம் சைக்கிளைச் சாயவே விடுவதில்லை. சாயாமலே ஓட்டிய பழக்கத்தை முதலில் மறக்க வேண்டும்.

பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் போதும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: வலப்பக்கப் பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழலும், இடப்பக்கத்துக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருக வேண்டும். ஸ்பேனர் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிப் பின் சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டுமே கழலும், இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கழற்றியதும் எது இடது, எது வலது என்று எழுதி வையுங்கள். மாற்றி மாட்டி முறுக்கினால் மரை அழிந்துவிடும்.

ஸீட்டை, உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும் அளவுக்கு இறக்குங்கள். பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்தும் வகை சைக்கிள் என்றால், பெடல் இல்லாதபோது அந்த பிரேக் கிடையாது. கை பிரேக் இல்லாவிட்டால் சரிவுக்கே போகாதீர்கள், சமதரை போதும். கை பிரேக் இருந்தால், அவள் விரலுக்கு லிவர் எட்டுகிறதா என்று பார்த்த பிறகு மிக லேசான சரிவில் விடலாம். கால்களால் உந்தி உந்தி ஓடட்டும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஐந்தாறு மீட்டர் மிதந்து போகிறாள் என்றால் பேலன்ஸ் வந்துவிட்டது. சிலருக்கு ஒரே மாலையில் வரும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்.

அதற்குப் பிறகுதான் பெடல். கிளம்பும்போது ஒரு பெடல் முன்பக்கமாக மேலே நிற்கட்டும், ஒரே மிதியில் வேகம் கிடைக்கும். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள், மெதுவாகப் போகும் சைக்கிள்தான் அதிகம் தள்ளாடும். முன் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஹேண்டிலையோ ஸீட்டையோ பிடிக்காதீர்கள், பிடித்தால் பேலன்ஸ் செய்வது உங்கள் கை. அக்குளுக்குக் கீழே லேசாகத் தாங்கியபடி கூட ஓடுங்கள். நன்றாக ஓட்ட ஆரம்பித்ததும் ஸீட்டை 2, 3 செ.மீ. உயர்த்துங்கள், இல்லையென்றால் முட்டி வலிக்கும்.

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் மட்டமாக உட்கார வேண்டும். மோவாய் வாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். விழுந்து முன்பல் முழுசாகக் கழன்று வந்தால், அது நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்காக இருந்தால் பாலில் லேசாக அலசி, உடனே அதே குழியில் வைத்து அழுத்துங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேருங்கள். பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே வளரும் பல் கெடும்.

கேள்வி: ஆறு வயதாகியும் மகன் வாரத்தில் மூன்று நாள் படுக்கையை நனைக்கிறான். திட்டியும் பார்த்தாயிற்று.

பதில்: திட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தூக்கத்தில் நடப்பதை அவனால் கட்டுப்படுத்த முடியாது. ராத்திரியில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனும், பை நிரம்பியதை உணர்ந்து விழிக்கும் பழக்கமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வயதில் கைகூடும். தண்ணீரைப் பகலில் நிறையக் கொடுத்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்துங்கள். படுக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்புங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள், நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். இதை யாரும் யோசிப்பதே இல்லை. மெத்தைக்கு மேல் நீர் புகாத உறை, அதற்கு மேல் விரிப்பு, மறுபடி உறை, விரிப்பு என்று இரண்டு அடுக்காகப் போட்டால், நடு ராத்திரியில் மேல் அடுக்கை உருவினால் போதும்.

ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால், கூடவே அதிகத் தாகமோ எரிச்சலோ இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் சிறுநீர் பரிசோதனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை நோயும் சிறுநீர்த் தொற்றும் இப்படித் தலைகாட்டும்.

கேள்வி: பிரசவத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் படம் மங்கிக்கொண்டே வருகிறது. லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: சூடு வைத்து லேமினேட் செய்தால் படமே கறுத்துப்போகும். பெரும்பாலும் அது சூட்டினால் கறுக்கும் தாளில் அச்சானது. இன்றைக்கே வெளிச்சமான இடத்தில், நிழல் விழாமல், நேர் மேலிருந்து படமெடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். அதிலிருந்து ஒரு சாதாரணப் புகைப்படப் பிரதி போட்டு ஆல்பத்தில் வையுங்கள். அசலை பிளாஸ்டிக் உறையில் போடாமல் காகித உறையில் போட்டு, வெயிலும் சூடும் படாத அலமாரியில் வைக்கலாம். ஏற்கெனவே மங்கிய பகுதி திரும்பி வராது.