அணை திறந்து வந்த தண்ணீருக்கு இன்சூரன்ஸ் உண்டா?

கேள்வி: கடலூரில் தென்பெண்ணை ஓரம் சொந்த வீடு. 2024 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர் புகுந்து பீரோ, ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர் எல்லாம் வீணாகிவிட்டன. வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போனால், “அணையைத் திறந்து வரும் தண்ணீருக்குக் காசு தரமாட்டான்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஏஜென்டோ, “60 லட்சத்துக்குப் போட்டுடலாம் சார்” என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. டிசம்பர் 2 விடியற்காலையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். எங்கேயோ பெய்த மழைக்கு உங்கள் பீரோ மிதந்தது. திறந்த நேரம் சரியா, தப்பா என்று சண்டை போட வேண்டிய இடம் வேறு. பாலிசியில் ‘வெள்ளம், நீர் சூழ்தல்’ என்று எழுதியிருக்கும், அது போதும்.

நீங்கள் கேட்க வேண்டியது ‘பாரத் கிருஹ ரக்ஷா’. 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டு (ஆயுள் காப்பீடு அல்லாத) நிறுவனங்கள் விற்கும் பொதுவான வீட்டு பாலிசி இது. கட்டடத்துக்குப் போட்டால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். உச்சம் 10 லட்சம். நகை அதில் வராது, தனியாகக் கேளுங்கள். வீட்டுக்கடன் இருந்தால் வங்கியே ஏற்கெனவே ஒரு பாலிசி போட்டு உங்களிடம் பிரீமியம் பிடித்திருக்கலாம். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கேட்காதவரை தரமாட்டார்கள்.

இப்போது அந்த 60 லட்சம். இருபது வருஷம் இன்சூரன்ஸ் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக அலைந்தவன் சொல்கிறேன், நான் அதிகம் பார்த்த ஏமாற்று இதுதான். உங்கள் மனையையும் சேர்த்து விற்றால் வரும் விலை அது. மனையை எந்த வெள்ளமும் கொண்டுபோகாது. அதே வீட்டை இன்று திரும்பக் கட்ட என்ன செலவாகும், அதாவது சதுர அடிக்கு இவ்வளவு என்று உங்கள் ஊர் மேஸ்திரி சொல்லும் கணக்குக்குப் போட்டால் போதும். மேலே கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்கு வீண், ஏஜென்டுக்குத்தான் கமிஷன் கூடும்.

ஸ்கூட்டர் விஷயத்தை விரிவாகவே சொல்கிறேன், எல்லாரும் வழுக்குகிற இடம். வண்டி வீட்டுச் சாமான் கணக்கில் வராது, வராண்டாவிலேயே நின்றிருந்தாலும் சரி. அதற்கு வண்டியின் சொந்த பாலிசிதான். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான ‘தேர்ட் பார்ட்டி’ மட்டும் என்றால் ஒரு பைசா கிடைக்காது. முழு பாலிசியே இருந்தாலும், தண்ணீர் வடிந்ததும் “ஓடுதா பார்ப்போம்” என்று ஸ்டார்ட் பண்ணினால் முடிந்தது கதை. தண்ணீர் உள்ளே போன எஞ்சினைச் சுற்றவிட்டு உடைத்தது நீங்கள் என்று எழுதிவிடுவார்கள். எஞ்சினுக்கென்று தனிச் சேர்க்கை வாங்கியிருந்தால்தான் தப்பலாம். கிக்கர், செல்ஃப் எதையும் தொடாமல் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.

அப்புறம், வெள்ளம் வடிந்ததும் ‘கிளெய்ம் வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் வருவார். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார், வந்த பணத்தில் கால் பங்கு கேட்பார். சர்வேயருக்குச் சம்பளம் கம்பெனி கொடுக்கிறது, நீங்கள் காபிகூட வாங்கித் தர வேண்டாம். நீங்கள் எழுத்தில் கொடுத்த புகாரைக் கம்பெனி மறுத்தாலோ மாதம் கடந்தும் பதில் இல்லையென்றாலோ சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இதைப் பாலிசியின் கடைசிப் பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் போடுவார்கள். அரசு நிவாரணமோ, அந்த வெள்ளத்துக்கு முள்ளோடை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் 5,000, இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2,000. அதை நம்பி வீடு கட்ட முடியாது.

ஒரு வீட்டில் நான் போவதற்குள் சுவரைக் கழுவி வெள்ளையடித்துவிட்டார்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கு ஆதாரமே இல்லை. நான் என்ன எழுத முடியும்? அந்தச் சேற்றுக் கோட்டின்மேல் டேப்பை நீட்டிப் பிடித்து, அன்றைய செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இப்போதே ஃபிரிட்ஜ், டிவி பில்களைப் படமெடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். போன தடவை பில்லெல்லாம் அந்த பீரோவுக்குள்தானே இருந்தது?