ஊர் ஒத்துக்கொள்ளவில்லையா?

அன்புள்ள அக்காவுக்கு,

கணவருக்கு மாற்றல் ஆகி ஜூன் மாதம் கோவையிலிருந்து மதுரைக்கு வந்தோம். ஆனையூர் பக்கம் வாடகை வீடு. மகனுக்கு நாலு வயது, அதுவரை பாட்டியிடம் வளர்ந்தவன், இங்கே வந்துதான் எல்கேஜி சேர்த்தோம். மகளுக்கு ஒன்றரை வயது. வந்ததிலிருந்து யாருக்காவது காய்ச்சல், சளி, வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒருத்தர் எழுந்தால் அடுத்தவர் படுக்கிறார். மூன்று டாக்டர் மாற்றிவிட்டோம். சிறுவாணித் தண்ணி குடித்த உடம்புக்கு இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளாது என்கிறார் மாமியார், பாண்டி கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டச் சொல்கிறார். கணவருக்கு லீவு தீர்ந்துவிட்டது. நான்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று தூக்கம் வருவதில்லை. திரும்பிப் போய்விடலாமா?

எஸ்., ஆனையூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஊர் மாறிய அதே ஜூனில்தான் மகன் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்திருக்கிறான். பாட்டி மடியிலேயே இருந்த பிள்ளை, திடீரென்று ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பென்சிலைக் கடித்து, ஒரே குழாயில் கை கழுவுகிறான். இந்த முதல் வருஷத்தில் 8, 10 தடவை சளிக்காய்ச்சல் வருவது சாதாரணம். ஒவ்வொன்றும் ஒரு வாரம் இழுக்கும், இருமல் அதற்கு மேலும் நிற்கும். அவனிடமிருந்து தங்கைக்கு, அவளிடமிருந்து உங்களுக்கு, கடைசியில் அப்பாவுக்கு என்று ஒரு சுற்று வந்து முடிவதற்குள் அவன் அடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். கோவையிலேயே இருந்திருந்தாலும் இந்த வருஷம் இப்படித்தான் போயிருக்கும். பழி மதுரை மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

டாக்டரை மாற்றாதீர்கள். நடந்து போகிற தூரத்தில் ஒரு குழந்தை டாக்டரைப் பிடித்துக்கொண்டு அவரிடமே போங்கள். புதிதாகப் பார்ப்பவருக்குப் போன மாதம் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று தெரியாது, நீங்களும் அலுத்துப்போய் ஏதாவது ஸ்ட்ராங்கா கொடுங்க என்பீர்கள், ஒரு ஆன்டிபயாடிக் வந்து சேரும். இந்தச் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஒரு நோட்டில் தேதி, காய்ச்சல் எவ்வளவு, என்ன மருந்து, பிள்ளையின் எடை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மாமியார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தண்ணீரால் வரலாம். ஆனால் வைகையா சிறுவாணியா என்பதில் ஒன்றும் இல்லை, குழாயிலிருந்து உங்கள் டம்ளர் வரைக்கும் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். விட்டு விட்டுத் தண்ணீர் வருகிற தெருவில், தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் காலியாகி, விரிசல் இருக்கிற இடத்தில் வெளியே தேங்கிக் கிடக்கிற அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் திறந்ததும் வருகிற தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சம்ப் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் விரல் மொத்தத்துக்குச் சேறு, சுவரில் வழுவழுப்பு, மூடி ஓரத்தில் கரப்பான் பூச்சி, இதெல்லாம் வாடகை வீட்டில் சகஜம். வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லி, ஆள் வைத்துத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கேன் தண்ணீர் வாங்கினால் மட்டும் போதாது, அதைக் கவிழ்க்கிற டிஸ்பென்சரைக் கழுவினீர்களா? பிள்ளைகளுக்குத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து ஆறிய தண்ணீர் கொடுங்கள், சொம்பை உள்ளே விட்டு மொள்ளாதீர்கள். போர் தண்ணீரின் உப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உப்பால் காய்ச்சல் வராது.

வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கடையில் அட்டை டப்பாவில் ஜூஸ் மாதிரி இனிப்பாக விற்பது அது இல்லை. ஜிங்க் மருந்து எழுதிக் கொடுத்தால், போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

நான் நிஜமாகவே கவலைப்படுவது டெங்குவுக்குத்தான். இப்போது மழைக்காலம். அந்தக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும். சின்டெக்ஸ் மூடி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, கொல்லையில் கிடக்கிற ஆட்டுக்கல் குழி, எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை பார்த்துக் கொட்டிவிடுங்கள். சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் கொதித்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொல்கிற அளவில். ஆஸ்பிரின், இபுபுரூபன் கூடாது. முக்கியமாக, காய்ச்சல் இறங்கியதும் அப்பாடா என்று விட்டுவிடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து. வயிறு வலிக்கிறது என்று அழுதால், வாந்தி நிற்காவிட்டால், ஈறில் ரத்தம் வந்தால், பிள்ளை துவண்டு கிடந்தால் நடு ராத்திரி என்றாலும் கிளம்பிவிடுங்கள்.

பாண்டி கோயிலுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். மனசுக்கு ஒரு தெம்பு வேண்டும், எத்தனையோ வீடுகளுக்கு அந்தச் சாமி அதைக் கொடுத்திருக்கிறார். கூடவே மாமியாரை ஒரு மாதம் இங்கே வந்து இருக்கச் சொல்லுங்கள். கோவையிலும் உங்களுக்குக் காய்ச்சல் வந்திருக்கும், ஆனால் அங்கே ஒருத்தர் படுத்தால் பார்த்துக்கொள்ள இன்னொருத்தர் இருந்தார். இங்கே நூறு டிகிரியோடு நீங்களே எழுந்து கஞ்சி வைக்கிறீர்கள், உங்களை முறிப்பது அதுதான். பக்கத்து வீட்டில் வாய் விட்டுக் கேளுங்கள். "அக்கா, நாளைக்கு ஒரு மணி நேரம் பெரியவனைப் பாத்துக்கிறீங்களா" என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இந்த ஊரில் குறைவு. ரசம் வைத்துக் கொண்டுவந்தும் கொடுப்பார்கள், ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்?

திரும்பிப் போகிற யோசனையை அடுத்த ஜூன் வரைக்கும் எடுக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டாவது வருஷம் இது குறையும். ஆனால் பிள்ளைக்கு எடை ஏறாமலே நின்றாலோ, நிமோனியா என்று திரும்பத் திரும்ப அட்மிட் செய்ய வேண்டி வந்தாலோ, காதில் சீழ் நிற்காமல் வந்தாலோ அது பள்ளிக்கூடத்துச் சளிக் கணக்கில் வராது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், "இதற்கு வேறு காரணம் இருக்குமா" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா