குடியை விட்ட பிறகு வரும் மாலைகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 43. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் டீசல் இன்ஜின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் வேலை செய்கிறேன். நெடுநாள் குடியை, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்று, சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு நிறுத்தினேன். அதன் பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். மாலை ஆறு மணி ஆனால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. குடிப்பதுபோல் கனவு கண்டு பதறி எழுகிறேன். ஜிலேபி, மைசூர்பாகு என்று இனிப்பைத் தேடித் தின்கிறேன். இன்றும் நான் வீட்டுக்குள் நுழையும்போது, தண்ணீர்ச் சொம்பை நீட்டும் சாக்கில் என் மனைவி பக்கத்தில் வந்து என் மூச்சை முகர்ந்து பார்க்கிறாள். மகளின் கல்லூரிச் சேர்க்கை முதல் சீட்டுப் பணம் வரை எதிலும் என்னைக் கலந்துகொள்வதில்லை. சித்தப்பா இறந்தபோது சாவு வீட்டில் பங்காளிகள், “ஒரு கட்டிங் போட்டால் ஒன்றும் ஆகாது” என்று டம்ளரைக் கையில் திணித்தார்கள். தட்டிவிட்டு வந்துவிட்டேன், இப்போது என்னைப் பெரிய யோக்கியன் என்று ஏசுகிறார்கள். கை நடுக்கம் நின்று, வால்வு இடைவெளியைப் பழையபடி நானே வைக்க முடிகிறது என்பதைத் தவிர, நான் கண்ட பலன் என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராயபுரம்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, சாவு வீட்டில் அந்த டம்ளரைத் தட்டிவிட்டதற்காக முதலில் உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். அந்த ஒரு நொடிக்கு எவ்வளவு திடம் வேண்டும் என்பது குடிநோயிலிருந்து மீண்டவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சையின் முதல் பகுதி உடலிலிருந்து மதுவை இறக்குவது. நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிதல் ஆகிய ஆபத்துகள் பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடுகின்றன. அதன் பின் வரும் நீண்ட மாதங்களைப் பற்றி நோயாளிக்கும் குடும்பத்துக்கும் போதுமான அளவு எடுத்துச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். குடி உங்களுக்குப் பல வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. உழைத்த நாளை அது முடித்து வைத்தது. துக்கத்தை மரத்துப்போகச் செய்தது. பங்காளிகளோடு ஒட்டி உட்கார வைத்தது. வீட்டில் பேச வேண்டியதைப் பேசாமலேயே படுத்து உறங்க வைத்தது. மது போய்விட்டது, அந்த வேலைகள் மட்டும் செய்ய ஆளின்றி அப்படியே கிடக்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை அவைதாம்.

கனவையும் இனிப்பையும் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மது, கனவுகள் மிகுதியாக வரும் உறக்க நிலையை அமுக்கி வைக்கிறது. நிறுத்திய பிறகு அது பீறிட்டுத் திரும்புவதால் கனவுகள் தெளிவாகவும் அழுத்தமாகவும் வருகின்றன. குடிக்கும் கனவு மீண்டவர்கள் பலருக்கும் வருவது, நாளடைவில் குறையும். அந்தக் கனவிலிருந்து நீங்கள் பதறி எழுகிறீர்கள் என்பதே உங்கள் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. இனிப்பைப் பொறுத்தவரை, ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது. அவ்வளவு எரிபொருளை நாள்தோறும் பெற்றுப் பழகிய உடல், அது நின்றதும் சர்க்கரையைத் தேடுகிறது. பசியும் குடிக்கும் வேட்கையும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், வேலை முடிந்ததும் வயிறு நிறைய ஏதேனும் சாப்பிட்டுவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது இரத்தச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைப் பொழுதுதான் பெரிய சிக்கல். எதிலும் சுவை இல்லாததுபோல் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். பல ஆண்டுகள் மதுவால் மட்டுமே தூண்டப்பட்டுப் பழகிய மூளை, சாதாரண மகிழ்ச்சிகளுக்கு மறுபடியும் அசைந்து கொடுக்கப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. அதுவரை, பிடித்தால்தான் செய்வேன் என்று காத்திராமல், செய்துகொண்டே இருந்தால் பிடிப்பு பின்னால் வரும். டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆக, நீங்கள் கட்டிக் காக்க வேண்டியது ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையிலான நேரத்தைத்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பழைய கடை இருந்தால், சுற்றுவழியானாலும் வேறு தெருவில் வாருங்கள். வேட்கை எழும்போது அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும் என்பதை மனத்தில் வைத்து, அந்த நேரத்தை நடந்தோ யாரிடமாவது பேசியோ கடத்துங்கள். கேரம் ஆடிய பழக்கம் உண்டா? 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா உங்கள் வடசென்னைப் பெண்தான். உங்கள் பகுதியில் கேரம் மன்றம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால், ஆட்டம் முடிந்ததும் பாட்டிலைத் திறக்கும் கூட்டமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் சில மாலைகளையாவது, குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களுக்கு ஒதுக்கலாம். அந்த அமைப்பு தோன்றியதே உங்களுடையதைப் போன்ற ஒரு வெறும் பொழுதில்தான். 1935-ஆம் ஆண்டு மே மாதம், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற நியூயார்க்காரர், வந்த வேலை தோற்றுப்போய், அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு விடுதிக் கூடத்தில் தனியாக நின்றிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் நடந்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று வரிசையாகப் பலரிடம் கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அந்த இருவரின் பேச்சு உலகெங்கும் பரவிய இயக்கமாயிற்று. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி, உங்கள் பெயர் வெளியே போகாது. உங்கள் கைப்பேசியில் அப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரின் எண்களாவது இருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் மனைவியைப் பற்றி. பல ஆண்டுகள் அவர், இரவில் படியேறும் காலடியின் தடுமாற்றத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணித்துக்கொண்டு, பிள்ளையை உள்ளறையில் படுக்க வைத்து, பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து வாழ்ந்திருக்கக்கூடும். நீங்கள் சிகிச்சை முடித்து வந்த நாளில் அவருடைய காவல் முடிந்துவிடவில்லை. அதற்கு யாரும் அவருக்குச் சிகிச்சை தரவுமில்லை. சொம்போடு அவர் அருகில் வரும்போது விலகாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள். நின்று, தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்று எங்கே வேலை, யாரைப் பார்த்தீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். “இன்னும் எப்போதுதான் என்னை நம்புவாய்?” என்ற கேள்வியை மட்டும் கேட்கவே வேண்டாம். அந்தக் கேள்வியில் உங்கள் அவசரம்தான் அவருக்குக் கேட்கும். நம்பிக்கை எப்போது திரும்ப வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை, அதை இழந்து நிற்கும் உங்கள் மனைவிக்கே உண்டு என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் வீட்டுச் சண்டைகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் கவனிக்காத காலத்தில் சீட்டுக் கட்டியதும், அடகை மீட்டதும், பள்ளியில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். ஒரு சக்கரம் இல்லாமலேயே ஓடப் பழகிய வண்டி அந்த வீடு. நீங்கள் திரும்பி வந்து உங்கள் இடத்தைக் கேட்கும்போது அவருக்கு நிம்மதியைவிட அச்சமே முதலில் வரும். பெரிய முடிவுகளில் பங்கு கேட்பதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின் கட்டணம், கேஸ் சிலிண்டர், ரேஷன் இவற்றில் ஒன்றிரண்டை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, யாரும் நினைவூட்டாமல், ஒரு முறையும் தவறாமல் செய்யுங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே ‘அல்-அனான்’ என்ற அமைப்பின் கூட்டங்கள் உண்டு. அவர் விரும்பினால் போய்வர வழிசெய்யுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

சாவு வீடுகளைத் தவிர்க்க முடியாது. உங்கள் பகுதியில் பறையும் கானாவும் சரக்குமாகவே பிணம் எடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அங்கே சும்மா உட்கார்ந்திருப்பவரின் கைக்குத்தான் டம்ளர் வரும். ஆகவே போனவுடன் ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: வண்டி ஏற்பாடு, செலவுக் கணக்கு, வயதானவர்களை அழைத்து வருதல் என எதுவானாலும் சரி. காரியம் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்ற சாக்கைவிட, “விட்டுவிட்டேன் அண்ணே, எனக்கு ஒரு சொட்டும் ஆகாது” என்று அமைதியாகச் சொல்வதே நாளடைவில் நிற்கும். ஏசுகிறவர்களில் ஒருவர் பின்னொரு நாள் தனியாக வந்து, எப்படி விட்டாய் என்று உங்களிடம் கேட்கக்கூடும். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பலன் என்ன என்று கேட்டீர்கள். கொழுப்பு மட்டுமே படிந்த கல்லீரல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும், இரத்த அழுத்தம் இறங்கும். இவற்றை ஒரு பரிசோதனையில் நீங்களே காணலாம். ஆனால், “என்பதைத் தவிர” என்று நீங்கள் தள்ளிவிட்ட விஷயத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கே தடிமன் உள்ள ஃபீலர் கேஜ் தகட்டை வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் இடையில் நுழைத்து, அது லேசாக உரசிக்கொண்டு நகர்வதை விரலால் உணர்ந்து நட்டை இறுக்கும் வேலை அது. அந்த விரல்களை நம்பித்தான் ஒரு படகு முழுக்க ஆட்கள் கரை தெரியாத கடலுக்குப் போகிறார்கள். உங்கள் தொழிலும், அதனால் வரும் மதிப்பும், காலையில் நேற்று என்ன பேசினோம் என்று அஞ்சாமல் எழும் எழுச்சியும் உங்களிடம் திரும்பிவிட்டன. மற்றவை அதைவிட மெதுவாக நடந்து வருகின்றன.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. ஆறு மாதம் குடிக்காமல் இருந்தவன், நண்பனின் திருமண வரவேற்பில் குடித்துவிட்டு, மூன்று நாட்கள் தொடர்ந்து குடித்தான். இப்போது வெட்கப்பட்டு அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அம்மா, கொடுக்கவே கூடாது. அவர்கள் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிரம் என்னும் மருந்தாக இருக்கும். அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளி முழுதும் அறிந்து சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து அது. வேட்கையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் இருக்கின்றன; எது பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

சறுக்குவது இந்த நோயில் அடிக்கடி நேர்வது. அதனால் அந்த ஆறு மாதங்கள் அழிந்துவிடவில்லை. திட்டாமல், அழாமல், அன்று அவர் பசியோடு இருந்தாரா, யார் மீதாவது கோபமா, தனிமையா, அலுப்பா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தொடர்ந்து குடித்துத் திடீரென நிறுத்தியவருக்கு அடுத்த சில நாட்களில் கடும் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்தால் அது அவசரநிலை, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உங்களுக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். அழைப்பை உங்கள் மகனையே செய்யச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் நீங்கள் முதலில் பேசுங்கள்.