சூதுபவள மாலையும் சாணைத் தூசியும்: கேள்வி பதில்

கைவினை நகை, நியாய வணிகம் (‘ஃபேர் டிரேட்’, அதாவது செய்பவருக்கு நியாயமான கூலியும் பாதுகாப்பான வேலையும் தரும் வணிகம்) பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணிமாலைகளைப் பற்றித்தான். அதனால் அந்த மணிகள் உருவாகும் குஜராத்தின் கம்பாத் ஊரை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன்.

அக்கா, ‘ஃபேர் டிரேட்’ என்று போட்டு விற்கிறார்களே, அதை யார் கொடுக்கிறார்கள்? (மதுரை வாசகி)

இரண்டு வகை உண்டு. ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் முத்திரை பொருளுக்குத் தருவது. நகையில் அது தங்கம், வெள்ளி போன்ற உலோகத்துக்குத்தான். தங்கத்துக்கு 2011 முதல் இருக்கிறது. கல் மணிக்கு அந்த முத்திரை கிடையாது. உலக நியாய வணிக அமைப்பு என்பது வேறு. அது 10 கொள்கைகளை வைத்துக்கொண்டு நிறுவனம் முழுவதையும் பார்க்கிறது. இரண்டில் எதுவும் இல்லாமல் அட்டையில் ‘நியாய வணிகம்’ என்று யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். எந்த அமைப்பின் உறுப்பினர் என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்.

கீழடியில் கிடைத்த சூதுபவளமும் இதே கல்தானா? (திருப்புவனம் வாசகர்)

அதே வகைக் கல்தான். கீழடியிலும் கொடுமணலிலும் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. கொடுமணலில் மணி செய்த பட்டறைத் தடயங்களும் உண்டு. மூலக்கல் குஜராத், மராட்டியப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

சின்னக் கல் மணிதானே, கையால் செய்தது என்றால் ஏன் இவ்வளவு விலை? அதில் தொழிலாளிக்கு என்ன போகிறது? (திருப்பூர் வாசகி)

வேலையைச் சொன்னால் விலை புரியும். கல் பருச் மாவட்டத்து ரத்தன்பூர் பக்கம் மண்ணைத் தோண்டி எடுக்கப்படுகிறது. வெயிலில் காயவைத்து, பானையில் இட்டு நெருப்பில் சுடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்புச்சத்து அந்தச் சூட்டில் மாறுவதால்தான் மங்கல் பழுப்பு சிவப்பாகிறது. அப்புறம் தரையில் நட்ட இரும்பு முளையின் கூரில் கல்லை வைத்து, எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டுவார்கள். சுத்தியல் படும் பக்கமில்லை, முளை தொடும் பக்கம்தான் சில்லு பெயரும். அந்தக் கணக்கு கைக்கு வர வருடங்கள் ஆகும். துளை போட வைரத்துகள் பதித்த ஊசி.

இடையில் ஒரு வேலை இருக்கிறது: சாணை பிடிப்பது. நான் அதிகம் பேச நினைப்பது இதைப் பற்றித்தான். அகேட் என்ற வரிக்கல், சூதுபவளம் எல்லாமே சிலிக்கா, மணலில் இருக்கும் அதே கனிமம். சுழலும் சாணையில் உலர்ந்த கல்லை அழுத்தினால் மாவுபோல் தூசி பறக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதனால் வருவது சிலிக்கோசிஸ். தழும்பேறிய நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்தில்லை. மூச்சுத்திணறலும் இருமலும் காசநோய் மாதிரியே இருப்பதால், பல பேர் வருடக்கணக்கில் காசநோய் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார்கள். சிலிக்கோசிஸ் வந்தவருக்கு நிஜமாகவே காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம்.

சாணை இருப்பது பெரும்பாலும் வீட்டிலேயே. குழந்தை தூங்கும் இடத்துக்கும் தூசி வருகிறது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சிலிக்கோசிஸ், கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கூலிக்குச் சாணை பிடிப்பவருக்கு அந்தச் சட்டம் எட்டுவதில்லை. வியாபாரி கல்லைக் கொடுப்பார், மணியை வாங்கிப் போவார். ‘முதலாளி நான்தான்’ என்று கையெழுத்துப் போட ஆள் இல்லை.

அதனால் கூலி எவ்வளவு என்ற கேள்வியோடு நிற்காதீர்கள். தண்ணீர் விட்டுப் பிடிக்கும் ஈரச் சாணையா, தூசி உறிஞ்சும் கருவி உண்டா, சாணைக்கூடம் வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாயில் துணி கட்டினால் இந்தத் தூசி நிற்காது. கூலியைக் கூட்டிக் கொடுத்துவிட்டு தூசியை அப்படியே விட்டால் அதை நியாய வணிகம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் இந்த மணிகளை வாங்காமலே விட்டுவிடலாமே? (நாகர்கோவில் வாசகர்)

வேண்டாம். நாம் ஒதுங்கினால் கூலி இன்னும் விழும், அதே சாணையில் இன்னும் அதிக நேரம் உட்காருவார்கள். வாங்குங்கள், கேட்டு வாங்குங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்டே ஆகவேண்டும்.

ஈரோட்டில் வீட்டிலிருந்தே கைவினை நகை விற்க ஆசை. எங்கே தொடங்குவது, அக்கா? (ஈரோடு வாசகி)

முன்பணத்தில் தொடங்குங்கள், அம்மா. கைவினைஞர் கல்லோ பித்தளையோ வாங்கக் கடன்பட்டால், கடன் கொடுத்தவர் சொல்வதுதான் விலை. கைவினைஞர் கேட்டால் பாதிப் பணத்தை வட்டியில்லாமல் முன்கூட்டியே தரவேண்டும் என்பது உலக நியாய வணிக அமைப்பின் விதி. நீங்கள் உறுப்பினர் ஆகாவிட்டாலும் அதைப் பின்பற்றலாம். ஆர்டரை எழுத்தில் கொடுங்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் அவசர ஆர்டர் போடாதீர்கள். ராத்திரியெல்லாம் வேலை, பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

சாயம் போட்ட கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கடலூர் வாசகி)

பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் துளையின் ஓரத்தில் தேயுங்கள். பஞ்சு சிவந்தால் சாயம். சிவக்காவிட்டாலும் முழு நிச்சயம் இல்லை, சில சாயங்கள் கல்லுக்குள் ஊறிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உள்ளே குமிழி தெரிந்தால் அது கண்ணாடி.

பஸ்தர் டோக்ரா பித்தளைப் பதக்கம் போட்டால் கழுத்து பச்சையாகிறது. போலியா? (சேலம் வாசகி)

போலி இல்லை. டோக்ரா என்பது மெழுகு அச்சில் உலோகத்தை வார்க்கும் கைவினை, சத்தீஸ்கரின் பஸ்தரில் செய்கிறார்கள். பித்தளையில் உள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்தால் அப்படித்தான். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். டோக்ராவுக்குப் பழைய பித்தளையை உருக்குவதும் உண்டு, அதில் ஈயம் கலந்திருக்கலாம். கைக்குழந்தை வாயில் வைக்கும்படி மட்டும் விடாதீர்கள்.