‘புட் ஆஃப்’: நின்றதா, தள்ளிப்போனதா?

வணக்கம் ஐயா,

நான் விண்ணப்பித்திருந்த வேலைக்கான நேர்காணல் ‘ஹாஸ் பீன் புட் ஆஃப்’ என்று மின்னஞ்சல் வந்தது. ஆஃப் என்றால் முடிந்த கதைதானே என்று தயாராவதையே விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து, புதிய தேதி இது, வாருங்கள் என்று இன்னொரு அஞ்சல்! அகராதியைப் புரட்டினால் ‘வெறுப்பேற்படுத்து’ என்றும் பொருள் போட்டிருக்கிறது. ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை வேடம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேர்காணல் கைநழுவாமல் வந்ததே, அதுவரை சரி.

உங்களைக் கவிழ்த்தது ஆங்கிலம் இல்லை, தமிழுக்குள் வந்துவிட்ட ‘ஆஃப்’. ஃபேனை ஆஃப் பண்ணு, ஃபோன் ஆஃப் ஆகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி, ஆஃப் என்றாலே நின்றுபோனது என்று நமக்குப் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதன் அடிப்படைப் பொருள் ‘விலகி, அப்பால்’. விமானம் ‘டேக் ஆஃப்’ ஆகும்போது எதுவும் நிற்பதில்லை. தரையைவிட்டு விலகுகிறது, அவ்வளவுதான். ‘புட்’ என்றால் போடு. அப்பால் போடு. நாம் ‘தள்ளிப்போடு’ என்கிறோமே, அச்சு அசலாக அதே படம். நேர்காணலே கிடையாது என்றால் ‘கால்டு ஆஃப்’ என்று எழுதியிருப்பார்கள். (அங்கே ஆஃப் நின்றுபோனதுதான். முழுப்பழியையும் உங்கள் மேல் போட முடியாது.)

வெறுப்பு எங்கிருந்து வந்தது? எதைத் தள்ளுகிறார்கள் என்று பாருங்கள். தேதியையோ வேலையையோ தள்ளினால் ஒத்திவைப்பு. ஆளைத் தள்ளினால் கதை வேறு. ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’: பசியோடு உட்கார்ந்தவனை அந்த வாடையே எழுப்பி அனுப்பிவிட்டது. எண்ணிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக்கொடுத்துக் கணக்கைத் தவறவிடச் செய்வதற்கும் பிரிட்டிஷ்காரர்கள் இதையே சொல்வார்கள்.

எழுதும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். ‘இட்’ வந்தால் நடுவில்தான் உட்காரும்: ‘புட் இட் ஆஃப்’. ‘மீட்டிங்’ மாதிரிப் பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். அப்புறம், ‘புட் ஆஃப் டு கோ’ என்று எழுதிவிடாதீர்கள். ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்றா சொல்கிறோம்? ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோம். அந்தப் ‘போவதை’தான் ‘கோயிங்’: ‘புட் ஆஃப் கோயிங்’.

புதிய தேதியும் உங்களுக்குத் தோதுப்படாவிட்டால், பதில் அஞ்சலில் ‘போஸ்ட்போன்’ என்றே கேளுங்கள். ‘புட் ஆஃப்’பில் தட்டிக்கழிக்கிற சாயல் லேசாக உண்டு, வேலை கேட்டுப் போகிறவருக்கு அது வேண்டாம்.