கணக்கில் 102, வாசிப்பில் 84: பையன் ஃபெயிலா?

கேள்வி: மகனுக்கு எட்டரை வயது, மூன்றாம் வகுப்பு. வாசிக்கத் திணறுகிறான் என்று ஆசிரியை சொன்னதால் 'வைட் ரேஞ்ச் அச்சீவ்மென்ட் டெஸ்ட்' என்ற வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறன் தேர்வை எடுத்தோம். சொல் வாசிப்பு 84, பெர்சன்டைல் 14. எழுத்துக்கூட்டல் 78, பெர்சன்டைல் 7. அதன் எதிரே 'வகுப்பு நிலை 1.8' என்றும் இருக்கிறது. கணக்கு 102, பெர்சன்டைல் 55. நூற்றுக்கு 102 எப்படி வரும்? 14 என்றால் ஃபெயிலா? இரண்டு மாதம் பயிற்சி கொடுத்து மறுபடி எழுத வைக்கலாமா?

பதில்: உங்கள் மகன் ஃபெயில் ஆகவில்லை. இந்தத் தேர்வில் பாஸ், ஃபெயில் என்பதே கிடையாது. அந்த 84 நூற்றுக்கு எடுத்த மார்க்கும் இல்லை.

அதே வயதுப் பிள்ளைகள் ஏராளமான பேரை முன்பே எழுத வைத்து, அவர்களின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள். அதனால் 102 என்பது வயதுக்கேற்ற சரியான இடம். பெர்சன்டைல் அதையே வேறு விதமாகச் சொல்கிறது: அதே வயதில் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், சொல் வாசிப்பில் சுமார் 14 பேர் இவனுக்குப் பின்னால் நிற்பார்கள். கவனிக்க வேண்டிய இடம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நூற்றுக்குப் பதினான்கு மார்க் வாங்கிவிட்டான் என்று நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

84, 78 என்ற எண்களும் கல்லில் வெட்டியவை அல்ல. நாளை வேறொரு தாளில் எழுதினால் சில புள்ளிகள் ஏறும், இறங்கும். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் '77 முதல் 91 வரை' என்பதுபோல ஒரு வீச்சு போட்டிருக்கிறதா பாருங்கள். உண்மையான திறன் அநேகமாக அதற்குள் எங்கோ இருக்கிறது என்று பொருள். அதனால் 'வாசிப்பைவிட எழுத்துக்கூட்டல் மோசம்' என்று ஆறு புள்ளியை வைத்துச் சொல்லிவிட முடியாது. கணக்குக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் நடுவே இருக்கும் 24 புள்ளி வேறு விஷயம். அது தற்செயலாக வரக்கூடிய இடைவெளி இல்லை. எழுத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை இவன், பொதுவாகவே படிப்பு வராத பிள்ளை அல்ல என்று அது காட்டுகிறது.

'வகுப்பு நிலை 1.8' பெற்றோரை அதிகம் பயமுறுத்தும் எண். முதல் வகுப்பின் எட்டாவது மாதத்தில் இருக்கும் நடுத்தரப் பிள்ளை எத்தனை சொல் சரியாக எழுதுமோ, அத்தனை இவன் எழுதியிருக்கிறான். அவ்வளவுதான். அவனைத் திரும்ப ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க அது காரணம் ஆகாது. முடிவெடுக்கும்போது அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

சரி, இந்தத் தேர்வு எதைப் பார்க்கவில்லை? சொல் வாசிப்பில், தனித்தனிச் சொற்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். படித்தது புரிகிறதா என்பது அதில் தெரியாது. அதற்கென்று வாக்கியப் புரிதல் என்ற தனிப் பகுதி இதே தேர்வில் உண்டு. நீங்கள் எழுதியதில் அது இல்லை, நடத்தினார்களா என்று கேளுங்கள். கணக்குப் பகுதியும் பெரும்பாலும் கூட்டல், கழித்தல் என்று நேரடிக் கணக்குகள்தான். முழுத் தேர்வே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் கடினமாகும் கற்றல் குறைபாடு) இருக்கிறது, இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தேர்வு எந்த மொழியில், வீட்டில் பேசுவது எந்த மொழி என்பதும் முக்கியம். கண்ணும் காதும் பரிசோதித்தாகிவிட்டதா?

எண்களைவிட நான் மதிப்பது அவன் எழுதிய தாளைத்தான். கேள்வித்தாளை வெளியே கொடுக்க மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் தேர்வு நடத்தியவருடன் அரை மணி நேரம் உட்கார்ந்து 'எந்த மாதிரித் தவறுகள்?' என்று கேட்கலாம். நீங்களும் வீட்டில் தமிழில் பத்துச் சொல் சொல்லி எழுத வைத்துப் பாருங்கள். 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதும் பிள்ளைக்கு ஒலி காதில் விழுந்திருக்கிறது, எந்த எழுத்தைப் போடுவது என்பதில்தான் தடுமாறுகிறது. 'பம்' என்று எழுதும் பிள்ளைக்கு நடுவில் ஓர் ஒலியே நழுவிவிட்டது. முதல் பிள்ளைக்கு எழுத்துகளை ஒப்பிட்டுப் பழக்க வேண்டும். இரண்டாவது பிள்ளையோடு சொல்லை வாயால் ஒலி ஒலியாகப் பிரித்து விளையாடுவதிலிருந்து தொடங்க வேண்டும். இருவருக்கும் அதே 78 வரலாம்! கணக்கிலும் இப்படித்தான்: 52இல் 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவில்லை.

மறுதேர்வு பற்றி. அதே சொற்களை மனப்பாடம் செய்ய வைத்தால் எண் ஏறும், வாசிப்பு ஏறாது. உண்மை நிலையை அறியும் வழியும் அடைபட்டுவிடும். இரண்டு மாதம் போதாது. தினமும் இருபது நிமிடம், தவறின் வகையைப் பார்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஏழெட்டு மாதம் கழித்துத் தேர்வின் மாற்றுத் தாளில் எழுத வைக்கலாம். இதற்கு நீலம், பச்சை என்று இணையான இரண்டு தாள்கள் உண்டு. அப்போதும் 84 என்றே வந்தால் 'ஒன்றும் கற்கவில்லை' என்று அவனைத் திட்டிவிடாதீர்கள். அவன் வயதுப் பிள்ளைகளும் இதற்குள் முன்னேறியிருப்பார்கள். அதே 84ஐ வைத்திருக்கவே அவர்கள் அளவுக்கு அவனும் கற்றிருக்க வேண்டும். சரியாகப் படித்த சொற்களின் எண்ணிக்கை போன முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு என்று கேட்டு வாங்கி, அதை அவனிடமே காட்டுங்கள்.